ஊர்களைக் குழந்தைக்குக் காட்டும் படநூல்கள்

குழந்தைகளுக்கு உலக நகரங்களை அறிமுகம் செய்வது என்றால் அதைப் பொது அறிவுப் பாடமாகவே நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். ஃபிரான்சின் தலைநகர் எது, ஈஃபில் கோபுரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான்கு வயதுப் பிள்ளை பட்டென்று பதில் சொல்கிறது. வீட்டுக்கு வந்தவர்கள் கைதட்டுகிறார்கள். அந்தக் கோபுரத்தின் கீழே யார் நடக்கிறார்கள், காலையில் எதில் ஏறி வேலைக்குப் போகிறார்கள், மழை வந்தால் எங்கே ஒதுங்குகிறார்கள் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, நாமும் சொல்வதில்லை. என் மகள் பள்ளியில் சேர்வதற்கு முன்பிருந்தே அவளுடன் படநூல்களைப் படித்துவருகிறேன். ஓர் ஊரைக் குழந்தைக்குக் காட்டுவது என்றால் அங்கே ஒரு நாள் எப்படி நகர்கிறது என்று காட்டுவதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழுக்கு இது புதிதல்ல. சங்கப் புலவர் மாங்குடி மருதனார், மதுரை நகரைப் பாடும் மதுரைக்காஞ்சியின் 782 அடிகளில் செய்திருப்பதும் ஏறக்குறைய இதைத்தான். பகலில் நாளங்காடி என்னும் பகல் சந்தையின் ஆரவாரம், மாலையில் அல்லங்காடி என்னும் இரவுச் சந்தை, இரவின் இரண்டாம் யாமத்தில் மோதகமும் அடையும் விற்றவர்கள் இருந்த இடத்திலேயே தூங்கி விழுவது, மூன்றாம் யாமத்தில் கள்வரும் அவர்களைத் தேடும் ஊர்க்காவலரும் என்று பொழுதைப் பின்தொடர்ந்தே அவர் நகரைக் காட்டுகிறார். படநூல் வாங்கும்போது நான் தேடுவதும் இந்தக் கண்ணைத்தான். கோபுரம், அரண்மனை, பாலம் என்று பக்கத்துக்கு ஒரு கட்டடத்தை ஆள் நடமாட்டமே இல்லாமல் அச்சிட்ட அட்டைப் புத்தகங்களைக் கடையிலேயே வைத்துவிடுகிறேன்.

செக் நாட்டு ஓவியரான மிரோஸ்லாவ் சாசெக் 1959இல் பாரிஸுக்கும் லண்டனுக்கும், அடுத்த ஆண்டு ரோமுக்கும் நியூயார்க்குக்கும் படநூல்கள் செய்தார். பின்னர் ஹாங்காங் வரை அந்த வரிசை நீண்டது. ஊருக்குப் புதிதாக வந்து நடந்தே சுற்றிப் பார்ப்பவரின் கண்கள் அவருடையவை. காவலரின் தொப்பியையும் பேருந்தையும் தெருவில் போகிறவர்களையும் தேவாலயத்துக்குக் கொடுக்கும் அதே அக்கறையுடன் அவர் வரைகிறார். லண்டன் நூலின் தொடக்கப் பக்கத்தில் மூடுபனியின் சாம்பல் நிறத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதைப் பார்த்ததும் என் மகள், "அங்கயும் போகியாம்மா?" என்று கேட்டாள். சென்னைக் குழந்தை வேறு எப்படிக் கேட்கும்! பழைய பாயும் டயரும் எரிந்த புகையில் எதிர்வீடு மறைந்துபோவதையும், விமானங்கள் தாமதமாவதாகப் பெரியவர்கள் பேசிக்கொள்வதையும் அவள் அறிவாள். லண்டனில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு நிலக்கரி எரித்தார்கள், அந்தப் புகை பனியோடு கலந்துதான் அப்படி மூடியது, 1952 டிசம்பரில் பல நாள் நீடித்த புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், 1956இல் சட்டம் போட்டுப் புகையைக் கட்டுப்படுத்தினார்கள் என்பதையெல்லாம், இறப்புகளை மட்டும் விட்டுவிட்டு, அவளுக்குச் சொன்னேன். ஒரே ஒரு சாம்பல் பக்கத்திலிருந்து அவ்வளவு தூரம் போக முடிந்தது.

அறுபது ஆண்டுக்கு முந்தைய படங்களைக் கொண்டு இன்றைய நகரத்தை எப்படிக் காட்டுவது என்று சிலர் தயங்குகிறார்கள். அந்த நூல்களின் மறுபதிப்புகளில் எது மாறியிருக்கிறது என்ற குறிப்புகளைக் கடைசியில் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பக்கமே ஒரு வரம். ஊர் என்பது ஒரே மாதிரி நிற்பதில்லை என்பதை, தெருவெல்லாம் மெட்ரோ பணிக்காகத் தடுப்பு வைத்திருக்கும் ஊரில் வளரும் குழந்தை எளிதாகப் புரிந்துகொள்கிறது.

எல்லாவற்றிலும் எங்கள் வீட்டில் அதிகம் தேய்ந்துபோன புத்தகம் இங்கே சென்னையிலேயே உருவானது. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷ்யாம், ஓர் உணவகத்தின் சுவர்களில் ஓவியம் தீட்ட லண்டன் போய்வந்தார். அங்கே கண்டதைத் தம் மரபுப்படி வரைந்து, திருவான்மியூரில் இருக்கும் தாரா பதிப்பகத்தின் வழியே 2004இல் 'தி லண்டன் ஜங்கிள் புக்' என்ற நூலாகத் தந்தார். கோண்டு ஊர்களில் பொழுதைச் சொல்வது சேவல். அதனால் பிக் பென் மணிக்கூண்டும் சேவலும் ஒரே உருவமாகிவிடுகின்றன. நாள்தோறும் தவறாமல் அவரை ஏற்றிச்சென்ற 30ஆம் எண் பேருந்து, நன்றியுள்ள நாயாகிறது. விமானம் பறக்கும் யானை. சுரங்க ரயில் மண்புழு. படத்தில் விரல் வைத்து அந்த நாயின் உடம்பெல்லாம் ஓடும் நுண்கோடுகளைப் பின்பற்றிக்கொண்டே போன என் மகள், பேருந்து எங்கே முடிகிறது, நாய் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முயன்றாள். கண்டுபிடிக்க முடியவில்லை என்பதிலேயே அவளுக்குப் பெரிய மகிழ்ச்சி. வெளிநாட்டு நகரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, நம் ஊரில் கற்றதைக் கொண்டே அதை அளக்கலாம் என்பதை இவ்வளவு பெருமிதத்துடன் சொல்லும் வேறு படநூலை நான் கண்டதில்லை. அதன்பின் சென்ட்ரல் நிலையத்தில் மெட்ரோ ஏறும்போதெல்லாம் எங்களுக்கு அது மண்புழுதான். லண்டனில் 1863இலேயே, அதுவும் நீராவி எஞ்சின் வைத்து, பூமிக்கடியில் ரயில் ஓடியது என்றால் அவள் நம்ப மறுக்கிறாள்.

இந்த நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பது ஒரு தடையே அல்ல. வரிகளை விட்டுவிட்டுப் படத்தைத் தமிழில் பேசலாம். ஜப்பானிய ஓவியர் மிட்சுமசா அன்னோ 1977இல் தொடங்கிய பயண நூல்களில் எழுத்தே கிடையாது. குதிரையில் போகும் சிறிய உருவத்தைப் பக்கந்தோறும் தேடினால் போதும், வழியிலுள்ள ஊர்கள் தாமே கண்ணில் படும். விலைதான் கொஞ்சம் உறைக்கும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் ஒரு முழு முற்பகலைச் செலவிடுங்கள். வாங்குவதை ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் ஏக்கம் ஒன்றுதான். நடுநிசியில் கோயம்பேட்டில் காய்கறி மூட்டை இறக்குபவர்கள், விடியலில் காசிமேட்டு மீன் ஏலம், தாம்பரம் பக்கம் போகும் 21ஜி பேருந்தின் ஜன்னலோரம், கோடையில் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள் என்று பொழுதைப் பின்தொடரும் சென்னைப் படநூல் ஒன்று தமிழில் வர வேண்டும். லண்டனிலோ டோக்கியோவிலோ இருக்கும் ஒரு குழந்தை அதைப் பார்த்து, இது எங்கள் ஊரில் எதைப் போல என்று தன் அம்மாவிடம் கேட்க வேண்டும். ஓவியர்கள் யாரேனும் இதைப் படித்தால், கோயம்பேட்டுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.