ஒரு லிடாஸுக்கு எத்தனை குரோன்?

சதுரங்கப் பைத்தியத்தில் ஆரம்பித்த வேலை இது. நாணயக் கண்காட்சி ஒன்றில் பழைய நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பால் கேரஸ் கையில் சிக்கினார். கடைசிவரை உலகச் சாம்பியன் ஆகாமலே போன எஸ்டோனிய ஆட்டக்காரர். 5 குரோன் நோட்டில் அவர் முகம். அதே தட்டில் லிதுவேனியாவின் 10 லிடாஸ் நோட்டு ஒன்றும் கிடந்தது. 1933ல் அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டு, ஊர் போய்ச் சேருமுன் விழுந்து இறந்த இரண்டு விமானிகள், டாரியஸும் கிரேனஸும், அதில் இருக்கிறார்கள். இரண்டையும் வாங்கி வந்தேன். வீட்டில் மகள் கேட்டாள்: "அப்பா, இது ஒண்ணுக்கு அது எத்தனை?"

பதில் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எக்செல்லைத் திறந்து உட்கார்ந்தேன்.

நேரடி அட்டவணை எதுவும் என் கைக்குக் கிடைக்கவில்லை. அதனால் இரண்டு நாணயங்களின் ஜாதகத்தையும் தனித்தனியாக எழுதினேன். குரோன் பிறந்தது 1992 ஜூன் 20. அன்று ஆளுக்கு 1500 ரூபிள் வரை வாங்கிக்கொண்டு, 10 ரூபிளுக்கு 1 குரோன் என்று கொடுத்தார்கள். தலைக்கு 150 குரோன். அதோடு 8 குரோன் 1 ஜெர்மன் மார்க் என்று மாறாத விகிதத்தில் கட்டியும் போட்டார்கள். லிடாஸ் ஒரு வருடம் பின்னால், 1993 ஜூன் 25ல் வந்தது. 1994 ஏப்ரல் 1 முதல் 4 லிடாஸ் 1 அமெரிக்க டாலர். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான், ஆனால் ஒருவர் மாட்டை மார்க்கில் கட்டினார், இன்னொருவர் டாலரில்.

இதை எழுதி முடித்தபோதுதான் பொறி தட்டியது. ஒரு லிடாஸ் என்பது கால் டாலர். ஒரு மார்க் எட்டு குரோன். அப்படியானால் ஒரு டாலருக்கு எத்தனை மார்க்கோ, அதை இரண்டால் பெருக்கினால் போதும், லிடாஸின் விலை குரோனில் வந்துவிடும். நாள் முழுக்கத் தேடிய அட்டவணை ஒரே ஒரு பெருக்கலில் அடங்கிவிட்டது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் வரைபடம் போட்டேன். 1998 டிசம்பர் வரை ஒழுங்காக வந்த கோடு, 1999 ஜனவரி முதல் வாரத்தில் 3.35லிருந்து 2.36க்குத் தொப்பென்று விழுந்தது. ஏதோ பெரிய நெருக்கடியைக் கண்டுபிடித்துவிட்டதாக அரைமணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். தப்பு என்னுடையதுதான். அந்த ஜனவரியில்தான் மார்க்கின் இடத்துக்கு யூரோ வந்தது. மார்க்கை 'ஒரு டாலருக்கு இத்தனை மார்க்' என்று சொல்வார்கள். யூரோவை 'ஒரு யூரோவுக்கு இத்தனை டாலர்' என்று சொல்கிறார்கள். நான் பழைய சூத்திரத்தை அப்படியே கீழே இழுத்துவிட்டிருந்தேன். 1999 ஜனவரி 4 அன்று யூரோ 1.1789 டாலர். அதை இரண்டால் பெருக்கக் கூடாது, 1.95583 மார்க் ஒரு யூரோ என்பதையும் சேர்த்து, அதன் இரண்டு மடங்கான 3.91166ஐ 1.1789ஆல் வகுக்க வேண்டும். 3.318 வந்தது. பள்ளம் மறைந்துவிட்டது.

இன்னொரு கூத்து: ஒரு கோப்பில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. ஐரோப்பாவில் பல நாடுகளில் அப்படித்தான் எழுதுவார்கள். ஒரு யூரோவுக்கு இத்தனை குரோன் என்ற 15,6466ஐ என் எக்செல் ஒரு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்துச் சொச்சம் என்று படித்துவைத்தது.

சரிசெய்த கோட்டைப் பார்த்தால் மலையேற்றம் மாதிரி இருக்கிறது. 1995 ஏப்ரலில் டாலர் 1.40 மார்க்குக்கும் கீழே போனது. அப்போது 10 லிடாஸ் நோட்டுக்கு 28 குரோன்கூடக் கிடைத்திருக்காது, ஐந்து கேரஸும் சில்லறையும். 2000 அக்டோபர் 26ல் யூரோ 0.8252 டாலருக்கு இறங்கியது. அதே நோட்டுக்கு 47.40 குரோன், ஒன்பதரை கேரஸ்! ஒன்றரை மடங்குக்கு மேல் ஏற்றம். இத்தனைக்கும் எஸ்டோனியாவின் தாலினிலும் லிதுவேனியாவின் வில்னியஸிலும் யாரும் விகிதத்தில் கை வைக்கவே இல்லை. 8ம் 4ம் அப்படியே இருந்தன. ஆடியது மார்க்கும் யூரோவும் டாலரும்தான்.

2002 பிப்ரவரி 2ல் லிடாஸும் யூரோவுக்கு மாறியது. விகிதம் 3.4528. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று குடைந்தேன். முந்தைய நாள், வெள்ளிக்கிழமை, ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதம் ஒரு யூரோவுக்கு 0.8632 டாலர். நான்கால் பெருக்கிப் பாருங்கள், கடைசி இலக்கம்வரை பொருந்தும். குரோனின் 15.6466ம் அப்படித்தான், 1.95583ஐ எட்டால் பெருக்கி, நுனியை நறுக்கியது. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் யாரிடம் சொல்வது?

அதற்கப்புறம் கோடு மேசையில் வைத்த அடிக்கோல். 15.6466ஐ 3.4528ஆல் வகுத்தால் 4.5316, ஆண்டுக்கணக்கில் அதேதான். 2011 ஜனவரி 1ல் எஸ்டோனியா யூரோவுக்குப் போனது, 2015 ஜனவரி 1ல் லிதுவேனியா. அதே விகிதங்களில்தான் இருவரும் மாற்றினார்கள். இரண்டு மத்திய வங்கிகளும் பழைய நோட்டைக் காலக்கெடு இல்லாமல் வாங்கிக்கொள்கின்றன என்பதால் கணக்கு இன்றைக்கும் செல்லும். மகளுக்குப் பதில் சொல்லிவிட்டேன்: ஒன்பது கேரஸ், மேலே 32 சென்ட்.

"இதுக்கா மூணு வாரம்?" என்றாள்.

இப்போது நடுவில் இருக்கும் லாட்வியாவின் லாட்ஸுக்கு ஒரு பத்தி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அது 1994 முதல் எஸ்.டி.ஆர். என்ற நாணயக் கூடையோடு கட்டப்பட்டிருந்தது, 0.7997 லாட்ஸுக்கு ஒன்று. 2005ல்தான் யூரோவுக்கு 0.702804 என்று மாறியது. கூடைக்குள் டாலரும் உண்டு, மார்க்கும் உண்டு, யென்னும் பவுண்டும்கூட. இதை ஒற்றைப் பெருக்கலில் முடிக்க முடியாது.