தெலெஃபோன்: பத்து வருடம், ஐந்து இசைத்தட்டு

1984, 85இல் பரிஸில் வந்திறங்கிய நம் கல்லூரிக்காரருக்குப் பாஷை பிடிபட முன்னரே காதில் விழுந்த ரொக் 'அன் ஓத்ர் மோந்த்', அதாவது 'இன்னொரு உலகம்'. அது தெலெஃபோன் என்ற பிரெஞ்சு ரொக் குழுவின் ஐந்தாவது இசைத்தட்டு. கடைசியும் அதுதான். வாலைப் பிடித்தவர்கள் தலையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1976 நவம்பர் 12, ரஸ்பாய் வீதி அமெரிக்கன் சென்ரரில் முதல் கச்சேரி. பாட்டும் கிற்றாரும் ஜான்-லூயி ஓபேர், கிற்றார் லூயி பெர்திஞ்ஞாக், பேஸ் கோரின் மரியென்னோ, ட்ரம்ஸ் ரிஷார் கோலின்கா. அடுத்த வருடம் முதல் தட்டு. அதில் 'இஜியாஃபோன்' என்றொரு பாட்டு. தபாற்கந்தோர் கவுண்டர்க் கண்ணாடியில், பேசுவதற்கென்று துளை போட்ட வட்டத்தகடு இருக்குமே, அதற்குத்தான் அந்தப் பெயர். விசாக் கடுதாசியோடு அதன் முன்னால் குனிந்து நின்றவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

இவர்களின் சத்தம் ஏன் தட்டுக்குத் தட்டு மாறுகிறது என்று கேட்டால், தயாரிப்பாளரைப் பாருங்கள். முதலாவதுக்கு மைக் தோர்ன். 1979, 1980 தட்டுகளுக்கு மார்ட்டின் றஷென்ட். கிற்றார் கூராக முன்னால் நிற்கும். 1982இன் 'தியூர் லிமித்' பொப் எஸ்றினின் கைவேலை. பிங்க் ஃபுளோய்டின் 'த வோல்' தட்டிலும் வேலை செய்தவர். எல்லாம் பெரிதாக, பளபளப்பாக இருக்கும். 'சாந்திரியோன்' பாட்டுக்கு அது பொருந்துகிறது, மற்றவற்றுக்குச் சற்று மிகை. 1984இல் கிளின் ஜோன்ஸ் வந்து திரும்பவும் காற்றோட்டம் விட்டார்.

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 1979இன் 'கிராஷ் தோன் வெனான்' வாங்குங்கள். 'லா போம்ப் யூமேன்' அதில்தான். பழைய தட்டுச் சந்தையில் எடுக்கும்போது வெளியே ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் உறை இருக்கிறதா என்று பாருங்கள். நால்வரின் உடுப்பும் அச்சடித்திருப்பது அதில்தான். உருவினால் உள்ளே நிர்வாணம். படப்பிடிப்பாளர் மொந்தினோவின் குறும்பு. பிளாஸ்ரிக் தொலைந்திருந்தால் பாதி விளையாட்டு போய்விட்டது, முழு விலை கொடுக்காதீர்கள்.

1986 ஏப்ரலில் பிரிந்தார்கள். 2015இல் மூவர் 'லேஸ் அன்சூ' என்று மேடையேறினார்கள். பழைய பெயரைப் பாவிக்கவில்லை. 2017 செப்ரெம்பரில் ஸ்தாத் து பிரான்ஸ் மைதானம் வரை போனார்கள். பேஸ் வாசித்தவர் வேறொருவர். கோரினை அழைக்கவில்லை.