தடைக்காலத்தில் ஒரு தேர்தல்

மார்ச் 31, 2024, ஞாயிறு. பாம்பன்

ஈஸ்டர் பூசை முடிந்து வெளியே வரும்போதே எல்லார் கையிலும் செல்போன். கச்சத்தீவைப் பற்றிப் பிரதமர் ட்விட்டரில் எழுதியிருக்கிறாராம். மதியத்துக்குள் டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, ஏலக்கூடம் எங்கும் அதே பேச்சு. 1974-இல் இலங்கைக்கு யார் கொடுத்தது, யார் தடுக்காமல் விட்டது, யார் மீட்பார்கள்.

கச்சத்தீவு எங்களுக்கு வெறும் 285 ஏக்கர் நிலம் இல்லை. அந்தோணியார் திருவிழாவுக்குப் படகேறிப் போகிறவர்கள் நாங்கள். அப்பா காலத்தில் வலை காயப்போட்ட மணல் அது. அதனால் அந்தப் பேச்சைத் தள்ளிவிட எனக்கு மனசு வராது. ஆனால் இவ்வளவு பேச்சிலும், அந்தத் தீவைச் சுற்றியுள்ள தண்ணீருக்கு அடியில் என்ன மிச்சம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மீன் இல்லாத கடலில் கோடு எங்கே போனால் என்ன?

ஏப்ரல் 19-ஆம் தேதி மக்களவைத் தேர்தல் ஓட்டு. இந்தத் தடவை கடலை முன்னால் வைத்துத்தான் பட்டனை அழுத்துவது என்று இருக்கிறேன். அதுவரை கேட்பதையும் படிப்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 3, புதன்

அண்ணன் வள்ளத்துக்கு வலை சரிபார்த்துக்கொண்டிருந்தான். கடலை வைத்து ஓட்டுப் போடப்போவதைச் சொன்னேன். "எம்.பி.க்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்? அதெல்லாம் சென்னைக் கோட்டையில பாக்குற வேலை. எம்.எல்.ஏ. ஓட்டுக்கு இதைப் பேசு" என்றான்.

பாதி சரி. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில்தான் வருகிறது. கரையிலிருந்து 12 கடல்மைலுக்கு அப்பால் மீன்பிடிப்பது ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் எங்கள் கடலுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. தனுஷ்கோடியிலிருந்து கிளம்பினால் 12 கடல்மைல் ஓடும் முன்பே இலங்கை எல்லை வந்துவிடும். எல்லையில் படகு பிடிபட்டால் பேச வேண்டியது டெல்லி. ஆவுளியா என்கிற கடல்பசுவைக் காக்கும் 1972 வனவிலங்குச் சட்டம் நாடாளுமன்றம் போட்டது. கரையில் எங்கே கட்டிடம் வரலாம், எங்கே வரக்கூடாது என்று சொல்லும் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை ஒன்றிய அரசினுடையது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986-இல் தேசியப் பூங்காவாக்கியது மாநில அரசு என்றாலும், எந்தச் சட்டத்தின் கீழ்? அந்த வனவிலங்குச் சட்டத்தின் கீழ்தான்.

இதையெல்லாம் சொன்னதும் அண்ணன் ஊசியைக் கீழே வைத்தான். "அப்ப சித்தப்பாகிட்டயும் பேசு" என்றான். அவன் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது.

ஏப்ரல் 7, ஞாயிறு. ராமேஸ்வரம்

சித்தப்பாவுக்கு ஒரு விசைப்படகில் பங்கு. அண்ணனுடையது நாட்டுப்படகு. ஒரே குடும்பத்துக்குள் இரண்டு கடல். திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று பிரித்துக்கொண்டது என் தலைமுறைக்கு முந்திய கதை. அதற்கு முன்னால் கடலில் நடந்த சண்டையை எங்கள் வீட்டில் யாரும் விரும்பிப் பேசுவதில்லை.

விசைப்படகு இழுக்கும் இழுவை மடி என்கிற வலை கடல் தரையை உரசிக்கொண்டு போகிறது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். அதன் தரையில் இருப்பது தாழை என்கிற கடற்புல். ஆவுளியா மேய்வதும் இறால் குஞ்சு ஒளிவதும் அந்தப் புல்லுக்குள்தான். மடி போன தடத்தில் புல் வேரோடு வந்துவிடுகிறது. மேலே வருவதில் பாதிக்கு மேல் சங்காயம் (கழிவு மீன்) என்று சித்தப்பாவே சொல்கிறார். விரல் நீளம்கூட வளராத குஞ்சும் நண்டும் கூடை கூடையாகக் கோழித் தீவனத்துக்குப் போகின்றன. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டை மடிக்குத் தடை இருக்கிறது, ஆனாலும் ஓடுகிறது. 2017-இல் இலங்கை தன் கடலில் இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அந்தக் கரையில் இருப்பவர்களும் தமிழ் மீனவர்கள்தான். அவர்கள் வலையை நம் படகு அறுத்துக்கொண்டு வருவதை நினைத்தால் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும்.

"விட்டுட்டு எதுக்குப் போறது?" என்று கேட்டார் சித்தப்பா. அதற்குத்தான் 2017 ஜூலையில் ஆழ்கடல் திட்டம் வந்தது. இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டு, சூரை பிடிக்கிற தூண்டில், செவுள்வலைப் படகு வாங்குவது. அப்போது படகு விலை 80 லட்சம் என்று கணக்கு. ஒன்றிய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், நம் கையிலிருந்து 10 சதவீதம். மூன்று வருடத்தில் 2,000 படகு என்றார்கள். அந்த இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை.

சித்தப்பா சொன்ன காரணத்தை அப்படியே எழுதுகிறேன். "எட்டு லட்சம் கையில வேணும், பதினாறு லட்சம் கடன். நாங்க காலையில போய் மறுநாள் கரைக்கு வர்ற ஆளுக. வாரக்கணக்குல கடல்ல கெடந்து சூரை பிடிக்கப் பழகணும். பிடிச்சு வந்தா இங்க யாரு வாங்குறா, எந்த ஐஸ்ல வைக்கிறது?" மூக்கையூரில் துறைமுகம் கட்டினார்கள். துறைமுகம் மட்டும் இருந்தால் சூரைக்கு விலை வந்துவிடாது.

இந்த ஒரு திட்டத்தைச் சரிசெய்யப் பாடுபடுகிற எம்.பி. இருந்தால் தாழையும் பிழைக்கும், எல்லையில் கைதும் குறையும். எந்தத் துண்டறிக்கையிலும் இது இல்லை.

ஏப்ரல் 10, புதன்

சின்னப்பாலத்தில் மதினி வீடு. மதினி பாசி எடுக்கிறவள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி, மரிக்கொழுந்து பாசியையும் கட்டக்கோரையையும் பறித்து வருவாள். மாதத்தில் 12 நாள் மட்டும் போவது, பாறையைச் சுரண்டுகிற இரும்பைத் தொடாமலிருப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் போகாமலிருப்பது எல்லாம் இந்தப் பெண்கள் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அப்படியிருந்தும் தீவுப் பக்கம் போனால் பூங்காவுக்குள் நுழைந்தவர்கள் என்று விரட்டப்படுகிறார்கள். கடலைக் காப்பாற்றுவது என்றால் முதலில் இவர்களை உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பிரசார ஜீப் வந்தது. கூட வந்தவரிடம் பாசி எடுக்கும் உரிமையைப் பற்றி மதினி கேட்டாள். அவர் கேள்வியை முழுதாகக் கேட்காமல், "கடல் அட்டைத் தடையை எடுத்துடுவோம்மா" என்றார். 2001-இல் அட்டையை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். பிடித்தால் புலியைப் பிடித்த மாதிரி வழக்கு. முங்கிப் பிழைத்த குடும்பங்கள் இதில் நொடித்துப்போனது உண்மை, வேதாளையிலும் மண்டபத்திலும் கடத்தல் பெருகியதும் உண்மை. தரை மண்ணைத் தின்று சுத்தப்படுத்துவது அந்த அட்டைதான் என்பதும் உண்மை. இவ்வளவும் தெரிந்த ஒருவர் ஓடும் ஜீப்பிலிருந்து அப்படி வாக்குக் கொடுக்க மாட்டார்.

ஏப்ரல் 16, செவ்வாய்

நேற்றுத் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகெல்லாம் கரையோரம் வரிசையாக நிற்கின்றன. மீன் முட்டையிடும் காலம் என்று விடுகிற இந்த இரண்டு மாதம் இல்லாவிட்டால் இதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஓட்டு நாளில் விசைப்படகுக்காரர்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள் என்பது இன்னொரு நல்லது.

அதே நேற்றைய நாளில் உலகம் முழுக்கப் பவளப்பாறைகள் வெளுத்துக்கொண்டிருப்பதாக அமெரிக்கக் கடல் ஆய்வு அமைப்பு அறிவித்திருக்கிறது. உலக அளவில் இது நான்காவது முறையாம். பார் என்று நாங்கள் சொல்லும் எங்கள் பவளப்பாறைகளில் 2010-இலும் 2016-இலும் இதே நடந்தது. தண்ணீர் சூடாவதை மண்டபத்தில் உட்கார்ந்து நிறுத்த முடியாது. ஆனால் சூட்டில் சோர்ந்து கிடக்கும் பார்மேல் சகதியும் சாக்கடையும் மடியும் போகாமல் பார்க்கலாம், அப்போது அது தேறி வர வழியுண்டு.

ஏப்ரல் 17, புதன்

மாலை 6 மணிக்குப் பிரசாரம் முடிந்தது. காது கொஞ்சம் ஓய்கிறது.

சேதுசமுத்திரக் கப்பல் கால்வாயைப் பற்றி மட்டும் ஒரு வரி. 2005-இல் தொடங்கி, 2007-இல் உச்ச நீதிமன்றத்தில் நின்றுபோன திட்டம். மறுபடி எடுக்கச் சொல்லி 2023 ஜனவரியில் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். கப்பல் கால்வாய்க்குத் தோண்டுகிற சேறு எங்கே போய்ப் படியும்? தாழைமேலும் பார்மேலும்தான். இதில் ஒரு கட்சியை மட்டும் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

காலை ஏழரைக்கே வரிசை. சித்தி, மதினி, அண்ணன் எல்லாரும் ஒன்றாகப் போனோம். நோட்டாவைப் பற்றியும் யோசித்திருந்தேன், வேண்டாம் என்று விட்டேன். நோட்டாவுக்குப் போட்டால் நாளைக்கு யாரிடம் போய்க் கேட்பது?

யாருக்கு என்பது என்னோடு இருக்கட்டும். எதை வைத்து என்று சொல்கிறேன். இழுவை மடியைப் பற்றி நான் கேட்டபோது, படகு உரிமையாளர்கள் பக்கத்தில் நிற்கையிலேயே, "இது இப்படியே ஓடாது, மாற்றுக்கு வழி செய்யணும்" என்று சொன்ன தரப்புக்குப் போட்டேன். ஓட்டுக் குறையும் என்று தெரிந்தும் சொன்னார்கள்.

ஜூன் 4, செவ்வாய்

ராமநாதபுரத்தில் ஏணிச் சின்னம். நவாஸ் கனி மறுபடி ஜெயித்தார். பலாப்பழத்தில் நின்ற ஓ. பன்னீர்செல்வம் இரண்டாவது. அதே பெயரில் இன்னும் சில பன்னீர்செல்வங்கள் நின்றதை ஊரே பேசித் தீர்த்துவிட்டது.

நான் போட்ட ஓட்டு ஜெயித்ததா தோற்றதா என்பது இனி இரண்டாம்பட்சம். ஜெயித்தவர் எங்கள் எல்லாருக்கும் எம்.பி.

ஜூன் 20, வியாழன்

24-ஆம் தேதி புது மக்களவை கூடுகிறது. மதினியும் நானும் உட்கார்ந்து மனு எழுதி முடித்தோம். ஆழ்கடல் திட்டத்தில் இதுவரை எத்தனை இழுவைப் படகுகள் ஒப்படைக்கப்பட்டன, சூரைக்கு ஐஸ் கிடங்கும் விலையும் எப்போது, பாசி எடுக்கும் பெண்களின் உரிமையைப் பூங்கா நிர்வாகம் எழுத்தில் தருமா, 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டருக்கு அறிவித்த கடல்பசு காப்பகத்தைப் போல எங்கள் பக்கத்துப் பாக் நீரிணைக் கடலிலும் ஒன்று வேண்டும் என்று கேட்பாரா என்று எழுதியிருக்கிறோம். இவற்றை அவையில் கேள்வியாகப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்தக் கேள்வி ஏற்கப்பட்டால் அமைச்சர் பதில் தந்தாக வேண்டும்.

கீழே பாசிக்காரப் பெண்களின் கையெழுத்து. சித்தப்பாவிடமும் நீட்டினேன். ஐஸ் கிடங்கு வரியை இரண்டு தரம் படித்துவிட்டுப் போட்டார். நாளைக்கு ராமநாதபுரம் போய் அலுவலகத்தில் நேரிலேயே கொடுக்கிறோம்.