கோப்பின் கடைசிப் பக்கம்

தைப்பூசக் காவடிக்காக மொரீசியசில் இன்று பொது விடுமுறை என்பதால், ரோஸ்ஹில் வீட்டில் அமர்ந்து, பல மாதங்களாகப் பிழையின்றி ஓடிய சி மொழியில் எழுதிய என் நிரல் ஒரேயொரு கோப்பில் மட்டும் ஏன் செயலிழந்து விழுகிறது என்று தேடினேன். தமிழ்ப் பாடங்களின் உரைக்கோப்புகளில் சொற்களைத் தேடி எண்ணும் சிறு நிரல் அது. கோப்பை ரீட் (read) என்ற இயங்குதள அழைப்பால் நகலெடுக்காமல், எம்மேப் (mmap) என்ற அழைப்பின் மூலம் நேரடியாக நினைவக முகவரியில் பொருத்தியிருந்தேன். நிரல் தொடும் பக்கத்தை (நினைவகத்தின் நிலையான அளவுள்ள துண்டை) மட்டும் இயங்குதளமே கொண்டுவந்து வைக்கும் அந்த வசதியில் எனக்கு எப்போதும் மயக்கம் உண்டு.

விழுந்த கோப்பின் அளவு சரியாக 8192 பைட்டுகள். அங்கேதான் சூட்சுமம் இருந்தது. என் கணினியில் லினக்ஸ் 4096 பைட் பக்கங்களாகவே கோப்பைப் பொருத்துகிறது. கடைசிப் பக்கத்தில் கோப்பு முடிந்தபின் மிஞ்சும் இடத்தைப் பூச்சியங்களால் நிரப்புகிறது. ஆகவே மற்றக் கோப்புகளில், பூச்சியத்தையே உரையின் முடிவாகக் கொண்டு சொல்லைத் தேடும் ஸ்டர்ஸ்டர் (strstr) செயற்கூறு, அந்தப் பூச்சியத்தைக் கண்டு நின்றுகொண்டது. நானோ அதை என் திறமை என்று நம்பியிருந்தேன். அளவு பக்கத்தின் முழு மடங்காகும்போது மிச்ச இடமே இல்லாததால், தேடல் பொருத்தப்படாத முகவரிக்குள் நுழைந்து நிரலைக் கவிழ்த்துவிடுகிறது.

கோப்பின் விவரங்களைச் சொல்லும் எஃப்ஸ்டாட் (fstat) தரும் நீளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நீளத்தையும் கேட்டுத் தேடும் மெம்மெம் (memmem) கொண்டு எல்லைக்குள் மட்டும் தேடும்படி மாற்றிவிட்டேன். காலிக் கோப்புகளையும் முன்பே விலக்கினேன். நீளம் 0 என்றால் எம்மேப் மறுத்துவிடும். இடையில் வேறொரு நிரல் கோப்பைச் சுருக்கினால் எழும் சிக்பஸ் (SIGBUS, நிரலை நிறுத்திவிடும் பிழைச் சமிக்ஞை) சிக்கலை, இந்தக் கோப்புகளை நான் ஒருவனே தொடுவதால், இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறேன்.