எட்டு ஓடும்போது முன் பிரேக்கில் விரல் வேண்டாம்

நேற்று மோட்டார் சைக்கிள் லைசென்ஸுக்கான ஓட்டப் பரீட்சை, அதாவது ட்ரையல், பாஸ். இரண்டாவது தடவையில்தான். முதல் தடவை, நிலத்தில் 8 வடிவில் போட்டிருக்கும் பாதையின் இரண்டாம் வளைவிலேயே பைக்கோடு சரிந்தேன். மெடிக்கல், எழுத்துப் பரீட்சை எல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் விழுந்த இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அன்று என் கண்முன்னே இன்னும் மூன்று பேர் அதே மாதிரி விழுந்தார்கள்.

ஹேண்டில் வலப்பக்கம் நன்றாகத் திரும்பியிருந்தது. வேகம் நடைவேகம்தான். எட்டின் கோட்டுக்கு மேல் ஏறிவிடுவேனோ என்ற பயத்தில் கை தானாக முன் பிரேக்கை இறுக்கியது. முன் சில்லு அப்படியே நின்றுவிட்டது. நூறு கிலோவுக்கு மேல் பாரமுள்ள பைக் வளைவின் உட்பக்கமாகச் சாய்ந்து என் வலக்கால் மேல் விழுந்தது. பிரேக் லிவரின் குண்டு நுனி முறிந்து போச்சு.

பழகப் போன இடத்தில் எட்டை மனப்பாடமாக ஓட வைத்தார்களே தவிர, எந்தப் பிரேக்கை எப்போது பிடிப்பது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. சொல்லித் தந்தது மாமாதான். "பிள்ளை, ஹேண்டில் திரும்பியிருக்கேக்க முன் பிரேக்கை மறந்திடு. வலக்காலால பிடி."

வீட்டுக்குப் பக்கத்து வெறும் வளவில் தேங்காய்ச் சிரட்டைகளை அடுக்கி எட்டுப் போட்டோம். முதல் கியரில் கிளச்சை மெல்ல விடும்போது ஒரு இடத்தில் என்ஜின் சத்தம் தடிக்கும், பைக் ஒரு சாண் முன்னே போகப் பார்க்கும். அந்த இடம் உங்கள் இடக்கைக்குப் பழக வேண்டும். கிளச்சை அங்கேயே வைத்து, பின் பிரேக்கை வலக்காலால் லேசாக அழுத்தியபடி ஓடுங்கள். வலக்கையின் நாலு விரலும் பிடியைச் சுற்றியே இருக்கட்டும். பைக் நூல் பிடித்த மாதிரி மெதுவாகப் போகும். பார்வை அடுத்த வளைவில் இருக்க வேண்டும். சிரட்டையைப் பார்த்த ஒவ்வொரு முறையும் நான் அதன் மேல்தான் ஏறினேன்.

எனக்கு ஆட்கள் பார்த்தால் கை நடுங்கும். அதனால் காலை ஆறு மணிக்கே தனியாகப் பழகினேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

வெளிக்கிடும்போது:
- இடப்பக்கத்தால் ஏறுங்கள். அப்போது மட்டும் முன் பிரேக்கைப் பிடித்திருங்கள், பைக் உருளாது.
- சைட் ஸ்டாண்டைக் காலால் தட்டிப் பாருங்கள்.
- நியூட்ரல் பச்சை லைட் எரிந்தாலும் கிளச்சைப் பிடித்தே ஸ்டார்ட் பண்ணுங்கள்.
- ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் கில் சுவிட்சை, அதாவது என்ஜினை நிறுத்தும் சுவிட்சை, பாருங்கள்.
- கண்ணாடியை மட்டும் நம்பாமல் வலத்தோளுக்கு மேலால் திரும்பிப் பாருங்கள். கண்ணாடியில் தெரியாத இடத்தில் ஒரு ஆட்டோ வந்துகொண்டிருக்கலாம்.
- நிற்கும்போது நிலத்தில் இடக்கால், பிரேக்கில் வலக்கால்.

ஒன்றைத் தப்பாக எடுக்க வேண்டாம். நேர் ரோட்டில் பைக்கைக் கூடுதலாக நிறுத்துவது முன் பிரேக்தான். அங்கே இரண்டையும் சேர்த்து, முன்னதைப் படிப்படியாக அழுத்துங்கள். மணலில் அப்படியில்லை. திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை ஒழுங்கைகளில் ஹேண்டில் நேராக இருக்கும்போதே, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். நிறுத்தினால் சைட் ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு தட்டைக் கல் வையுங்கள், இல்லையென்றால் அது மணலில் புதைந்து பைக் விழும். திருகோணமலைக் கோட்டை வாசல் பக்கம் மான்கள் குறுக்கே வரும். ஒன்று கடந்தவுடன் கியரைப் போடாதீர்கள், பின்னால் இன்னொன்று நிற்கும்.

லிவர் புதிது போட்டாச்சு. அம்மாவை ஏற்றிக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போக ஆசை. அதற்கு முன்னால் மாமாவைப் பின்னால் இருத்தி, அதே சிரட்டைகளுக்குள் நாளைக் காலை ஓடிப் பார்க்க வேண்டும்.