ஒரே மரத்தைப் பத்துப் பாடங்களாகப் படித்தேன்: மரப் பராமரிப்பு மேல்நிலைச் சான்றிதழுக்கு நான் தயாரான விதம்

என் அப்பா கொருக்குப்பேட்டையில் விறகுக் கடை வைத்திருந்தார். வைரம் பாய்ந்த கட்டை எது, வெளிறு எது, உள்ளே உளுத்தது எது என்பதைத் தட்டிப் பார்த்தே சொல்லப் பள்ளி நாட்களிலேயே பழகியிருந்தேன். தோட்டக்கலையில் நான்காண்டுப் பட்டம் பெற்று, மணலியில் ஒரு தொழிற்சாலை வளாகத்தின் மரங்களைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்த பிறகும், உயிரோடு நிற்கும் மரத்தை அந்த அளவுக்கு எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை வர்தா புயல்தான் காட்டியது. 2016 டிசம்பர் 12ஆம் தேதி புயல் கடந்த மறுநாள் காலை, வியாசர்பாடியிலிருந்து பெரம்பூர் வரை நடந்தே போனேன். சாய்ந்து கிடந்த மரங்களின் வேர்த்தட்டுகள் பலவற்றில் ஒரு பக்கத்து வேர்கள் முழுவதும் நேர்கோட்டில் அறுபட்டிருந்தன. அந்த வெட்டுகள் புயலுக்குப் பல ஆண்டுகள் முந்தியவை. வடிகாலுக்கோ குழாய்க்கோ பள்ளம் தோண்டியபோது ஏற்பட்டவை. ஒரு மயில்கொன்றையின் அடிமரம் பஞ்சைப்போல் வெளுத்து, விரலால் பிய்க்கும்படி இருந்தது. எது ஏன் விழுந்தது, எது ஏன் நின்றது என்ற கேள்விதான் என்னை இந்தப் படிப்புக்குக் கொண்டுவந்தது.

மரப் பராமரிப்புக்கு உலக அளவில் அறியப்பட்ட சான்றிதழ்களை வழங்குவது 1924இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஐ.எஸ்.ஏ. என்ற பன்னாட்டு மரப் பராமரிப்புச் சங்கம். அதன் முதல் படி ‘சர்டிஃபைடு ஆர்பரிஸ்ட்’. மூன்றாண்டு முழுநேர அனுபவம் உள்ளவர்களோ, தொடர்புடைய நான்காண்டுப் பட்டத்துடன் ஓராண்டு அனுபவம் உள்ளவர்களோ அதற்கு விண்ணப்பிக்கலாம். நான் 2019இல் எழுதியபோது, பத்துப் பாடப்பகுதிகளிலிருந்து 200 கொள்குறி வினாக்கள், மூன்றரை மணி நேரம். அதற்கு மேலுள்ள ‘போர்டு சர்டிஃபைடு மாஸ்டர் ஆர்பரிஸ்ட்’ என்ற நிலைக்கு முதல் படியைத் தாண்டியிருக்க வேண்டும். கல்வி, அனுபவம், பிற தகுதிகள் ஆகியவற்றுக்கான புள்ளிகளும் சேர்ந்திருக்க வேண்டும். பிரிட்டனில் நான்காம் நிலை, ஆறாம் நிலை என்று பட்டயங்கள் உள்ளன. ஆறாம் நிலை இளநிலைப் பட்டத்துக்கு இணையானது. அறிக்கை எழுதும் திறனை அது கடுமையாகச் சோதிக்கும். ஆலோசகராக வர நினைப்பவர்கள் அதையும் விசாரித்துப் பார்க்கலாம். நான் சென்றது ஐ.எஸ்.ஏ. வழி என்பதால் அதைப் பற்றியே சொல்கிறேன்.

படிப்பைத் தொடங்கும் முன்பே சேர்க்கத் தொடங்க வேண்டியவை ஆவணங்கள். நம் ஊரில் மரவேலை பெரும்பாலும் வாய்ச்சொல்லில் நடக்கிறது. கூலி கையில் வரும், எழுத்தில் ஒன்றும் இருக்காது. அனுபவத்தை நிறுவ வேண்டிய நாளில், பத்தாண்டு மரம் ஏறியவரிடம்கூட ஒரு கடிதம் இருப்பதில்லை. வேலை ஆணை, ரசீது, சம்பளச் சீட்டு, முன்னும் பின்னும் எடுத்த படங்கள், எந்தத் தேதியில் எந்த மரத்தில் என்ன செய்தோம் என்ற நாட்குறிப்பு ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் வையுங்கள். என் நாட்குறிப்பில் விடுபட்ட ஏழு மாதங்களை மீட்டெடுக்கப் பழைய மேலாளர்களைத் தேடி அலைந்தது, படித்ததைவிட அதிகமாக என்னைச் சோர்வடையச் செய்தது.

மேல்நிலைத் தேர்வை 2023இல் முதல் முறை எழுதித் தவறினேன். காரணத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதல் தேர்வுக்கு உதவிய மனப்பாடத்தையே இதற்கும் நம்பியிருந்தேன். மேல்நிலைத் தேர்வு ஒரு சூழலை விவரித்து, இங்கே முதலில் செய்ய வேண்டியது என்ன என்று கேட்கிறது. கொடுக்கப்படும் விடைகளில் இரண்டு மூன்று சரியானவைபோலவே இருக்கும். எது முந்தியது, எது அந்தச் சூழலுக்குப் பொருந்துவது என்று தீர்மானிக்க, மரத்தின் முன்னால் நின்று முடிவெடுத்த பழக்கம் வேண்டும். ஆகவே இரண்டாம் முறை தயாரானபோது, எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் நிற்கும் ஒரு தூங்குமூஞ்சி மரத்தை எடுத்துக்கொண்டு, மண், இனத் தேர்வு, நடவு, உயிரியல், கவாத்து, நோயறிதல், பாதுகாப்பான வேலைமுறை, கட்டுமானத்தின்போது மரப் பாதுகாப்பு, ஆபத்து மதிப்பீடு, நகர்ப்புற வனவியல் என்ற பத்துப் பகுதிகளையும் அந்த ஒரு மரத்தின்மேலேயே வரிசையாகப் பொருத்திப் பார்த்தேன். பதினான்கு மாதங்கள் ஆயின. நான் தரக்கூடிய வழிகாட்டல் என்று ஒன்று உண்டென்றால் இந்த முறைதான். அது எப்படி வேலை செய்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அளவிலிருந்து தொடங்கினேன். அம்மரத்தின் சுற்றளவு மார்பளவு உயரத்தில் 220 சென்டிமீட்டர். நம் வனத்துறை 1.37 மீட்டர் உயரத்தில் அளக்கிறது. அமெரிக்க முறையின் நான்கரை அடியும் அதுதான். பிரிட்டனின் கட்டுமானத் தரநிலை 1.5 மீட்டரில் அளக்கிறது. வினாவில் எந்த நாட்டு முறை என்பதைப் பார்க்காமல் கணக்குப் போட்டால் தவறிவிடும். சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம் 70 சென்டிமீட்டர். ஓர் அங்குல விட்டத்துக்கு ஓர் அடி ஆரம் என்ற அமெரிக்க வழக்கத்தின்படி, பாதுகாக்க வேண்டிய வேர்ப்பரப்பின் ஆரம் ஏறத்தாழ 8.4 மீட்டர். விட்டத்தைப்போல் 12 மடங்கு என்ற பிரிட்டிஷ் விதியின்படியும் அதே 8.4 மீட்டர்தான். இரண்டும் ஒரே விகிதம் என்பதை நானே கணக்குப் போட்டுக் கண்ட நாளுக்குப் பிறகு அவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஆனால் எங்கள் பின்தெருவின் அகலமே இருபது அடி, மீட்டரில் ஆறுதான். விதி கேட்கும் வட்டம், எதிர்வீட்டுச் சுவரையும் தாண்டி அவர்கள் சமையலறைக்குள் போய் முடிகிறது. வடசென்னையில் இதுதான் இயல்பு. அங்கேதான் உண்மையான படிப்பு தொடங்குகிறது. வேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேல் இரண்டு அடிக்குள் கிடக்கின்றன. நீரையும் காற்றையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் வேறு, மரத்தைப் பிடித்து நிறுத்தும் தடித்த வேர்கள் வேறு. பள்ளத்தை மரத்திலிருந்து தள்ளிப் போட இடமில்லாதபோது, வேர்களுக்குக் கீழே குடைந்து குழாயைச் செலுத்தலாம். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையால் தோண்டி, தடித்த வேர்களை விட்டு வைக்கலாம். விட்டத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்துக்குள், அதாவது இந்த மரத்தில் சுமார் 2.1 மீட்டருக்குள் நேர்கோட்டில் வெட்டினால், மரத்தின் பிடிமானமே குறையத் தொடங்கும். வர்தாவுக்கு மறுநாள் நான் பார்த்த வேர்த்தட்டுகளுக்கு இந்த எண்தான் விளக்கம் தந்தது. அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வரை சிமென்ட் பூச்சை அகற்ற வேண்டுமென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் தில்லி மரங்களுக்காகப் பிறப்பித்த உத்தரவையும் இந்த இடத்தில் சேர்த்துப் படித்தேன். ஒரு மீட்டர் போதாது; ஆனாலும் பூச்சு கழுத்தை நெரிக்கும் மரத்துக்கு அந்த ஒரு மீட்டரும் பெரிது.

கவாத்தையும் காயத்தையும் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் வளாகத்தில் மரம் ஏறும் ஓர் அண்ணன். கிளை தண்டோடு சேரும் இடத்தில் உள்ள புடைப்பை அவர் ‘கழுத்து’ என்பார். “கழுத்தத் தொடாத தங்கச்சி, அதத் தொட்டா மரம் மூடிக்காது” என்று அவர் சொன்னதையும், புத்தகத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கனமான கிளையில் முதலில் அடியிலிருந்து ஒரு பாதி வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாம் வெட்டு, கனம் இறங்கிய பிறகு கழுத்துக்கு வெளியே மூன்றாம் வெட்டு. தண்டோடு ஒட்ட மழித்துத் தார் பூசும் பழக்கம் நம்மிடம் இன்னும் உண்டு. அழுகலை அது தடுப்பதில்லை.

ஏன் தடுப்பதில்லை என்பதற்கு அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோவின் விளக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நெடுக்கில் பிளந்து பார்த்தவர் அவர். காயம்பட்ட திசுவை மரம் பழையபடி ஆக்குவதில்லை. நான்கு சுவர்களால் அதை அடைத்துவிட்டு, வெளியே புதிய மரத்தை வளர்த்துக்கொள்கிறது. அழுகல் மேலும் கீழும் பரவாமல் தடுக்கும் முதல் சுவர் மிகப் பலவீனமானது; காயத்துக்குப் பின், பட்டைக்கு அடியில் கேம்பியம் என்ற வளரும் படலம் கட்டும் நான்காம் சுவர் மிக வலியது. அந்தச் சுவர் உடையாதவரை, காயம்பட்ட நாளில் மரம் எவ்வளவு பருமனாக இருந்ததோ அந்த அளவைத் தாண்டிப் பொந்து அகலாது. விறகுக் கடையில், உள்ளே கூடாகவும் வெளியே பழுதில்லாமலும் வந்த கட்டைகளை அப்பா தனியாக அடுக்குவார். அவற்றின் கதை முப்பது வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. பனையிலும் தென்னையிலும் இந்தக் கதையே கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். உள்ளே வைரம் உள்ளது மரம், வெளியே வைரம் உள்ளது புல் என்று பழந்தமிழ் இலக்கணம் பிரித்து வைத்ததே அதற்குப் போதுமான நினைவுக்குறிப்பு. பனை வகைகளுக்கு அந்த வளரும் படலம் இல்லாததால், தண்டில் பட்ட காயம் அப்படியே நிற்கும்.

நான் முதல் முறை அதிகம் இழந்தது ஆபத்து மதிப்பீட்டில். அதில் மூன்று கேள்விகள் உண்டு: மரமோ கிளையோ முறிய எவ்வளவு வாய்ப்பு, முறிந்தால் யார்மேலாவது எதன்மேலாவது விழ எவ்வளவு வாய்ப்பு, விழுந்தால் விளைவு எவ்வளவு பெரியது. இவற்றை அட்டவணையில் சேர்த்துக் குறைவு, மிதம், அதிகம், மிக அதிகம் என்று முடிவு சொல்ல வேண்டும். நானோ எப்போதும் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொந்துள்ள தண்டில் ஆரத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்காவது நல்ல மரம் இருக்க வேண்டும் என்ற, ஜெர்மனியின் கிளாஸ் மாதெக் முன்வைத்த கணக்கைப் பிடித்துக்கொண்டு, 35 சென்டிமீட்டர் ஆரத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டு சென்டிமீட்டர் சுவர் என்று விடை தேடினேன். அந்தக் கணக்கு ஓர் எச்சரிக்கைக் குறி மட்டுமே. பொந்தின் வாய் திறந்திருக்கிறதா, மரம் எவ்வளவு காற்றை வாங்குகிறது என்பவற்றை அது தனியாகச் சொல்லாது.

என் தூங்குமூஞ்சியின் கீழே காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை ஓர் அக்கா இட்லிக் கடை போடுகிறார். தலைக்கு நேர்மேலே காய்ந்த கிளை ஒன்று இருந்தது. வழக்கமான என் விடை, கிளையைக் கழிப்பது. ஆனால் ஆள் ஏற நான்கு நாட்கள் ஆகும் நிலையில், அன்றைக்கே செய்ய வேண்டியது வேறு. அக்காவிடம் விளக்கிச் சொன்னதும் வண்டியைப் பதினைந்து அடி தள்ளிப் போட்டுக்கொண்டார். மரத்தைத் தொடாமலேயே ஆபத்து குறைந்தது. கிளையைப் பிறகு முறையாக இறக்கினோம். தேர்வில் இதைப் போன்ற சூழல் வந்தபோது எந்த விடை முந்தியது என்று எனக்கு ஐயம் எழவில்லை. 2025இல் தேறினேன்.

பார்த்தே இராத ஓக், மேப்பிள், எல்ம் மரங்களும் அவற்றின் நோய்களும் வினாக்களில் வரும். அவற்றைத் தனி ஏட்டில், நம் மரத்தோடு இணைத்து எழுதிக்கொள்ளுங்கள். எல்ம் வாடல் நோயை, நீரை மேலே கொண்டுசெல்லும் சைலக் குழாய் அடைபடும் நோயாகப் புரிந்துகொண்டால் பெயர் தானே நிற்கும். மாலையில் வீட்டில் படிக்க இடமில்லாதவர்களுக்குக் கொளத்தூரில் 2024இல் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் நல்ல இடம். என் கடைசி மூன்று மாதங்கள் அங்கேதான் கழிந்தன. தேறிய பிறகும் மூன்றாண்டுக்கு ஒருமுறை தொடர்கல்விப் புள்ளிகளைக் காட்டிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். முதல் நிலைக்கு 30, மேல்நிலைக்கு 60. இணையவழி வகுப்புகளைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளாமல் தொடக்கத்திலிருந்தே பிரித்துப் போட்டுக்கொள்வது நல்லது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பூவரசுகளையும் புன்னைகளையும் அளந்து, உப்புக்காற்றிலும் உவர்மண்ணிலும் அவை எப்படித் தாங்குகின்றன என்று பதிவு செய்துகொண்டிருக்கிறேன். இந்தத் தேர்வுக்குத் தயாராகும் இருவர் கூட வருகிறார்கள். ஒருவரிடம் அளவு நாடா, ஒருவரிடம் மரச்சுத்தியல், என்னிடம் நோட்டு.