கில்பெக் கோயிலின் கொடுங்கையில் ஒரு நாயும் முயலும்

நாங்கள் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டுக்கு வந்தது 2022 நவம்பரில். நான் செவிலியர், மருத்துவமனையில் வேலையோடுதான் வந்தேன். இவருக்கு இன்னும் வேலை அமையவில்லை, மகளுக்கு ஆறு வயது. மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். வாடகை வீட்டின் பின்சுவரில் ஈரம் ஏறி, எவ்வளவு துடைத்தாலும் பூஞ்சை திரும்பத் திரும்ப வந்தது. இரவு ஷிப்ட் முடிந்து நான் வரும்போது இவர்கள் இரண்டு பேரும் பள்ளிக்குக் கிளம்பிப் போயிருப்பார்கள், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் படுத்துத் தூங்கி, மறுபடி இருட்டில் எழுந்து கிளம்புவேன். அந்தக் குளிர்காலத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

நான் தாராசுரத்துப் பெண். பள்ளி விட்டால் நேரே ஐராவதேஸ்வரர் கோயிலுக்கு ஓடி, யானைக்கும் காளைக்கும் ஒரே தலை செதுக்கியிருக்கும் அந்தக் கல்லில் ஒரு பாதியை மறைத்து மறுபாதியைப் பார்க்கும் விளையாட்டு ஆடி வளர்ந்தவள். கல் என்றால் அதில் யாராவது இருக்க வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே படிந்துபோன எண்ணம். ஹெரிஃபோர்டில் பார்த்த சர்ச்சுகள் எனக்கு ஒட்டவேயில்லை. சாம்பல் சுவர், கூர்மையான கோபுரம், உள்ளே வெள்ளையடித்து வெறிச்சென்று கிடக்கும். நான் சரியாகப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வார்டில் என்னோடு வேலை செய்யும் ஒரு பெரியவர், ஓய்வு பெறப் போகிற வயது, ஒரு நாள் டீ நேரத்தில் என் ஊரைப் பற்றிக் கேட்டார். கோயில் சிற்பங்கள் என்று ஆரம்பித்தவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போயிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவுதானே, நான் காரில் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்றார். மார்ச் மாதத் தொடக்கம், உழுது போட்ட வயல்கள். அப்போதுதான் கவனித்தேன், இந்தப் பக்கத்து மண் நல்ல சிவப்பு, நம் செம்மண் போலவே. ஹெரிஃபோர்டிலிருந்து தென்மேற்கே சுமார் 14 கிலோமீட்டர், அபர்கவனி போகும் சாலையில் போய்ப் பிரிந்தால் கில்பெக். சில வீடுகள்தான் ஊர். மரியாள், டேவிட் என்ற இரண்டு புனிதர்கள் பெயரில் உள்ள சர்ச்சும் அதே சிவப்புக் கல். டேவிட் வேல்ஸ் மக்களின் புனிதர். அந்தக் காலத்தில் இது வேல்ஸ் மொழி பேசுகிற பகுதி.

முதல் பார்வைக்குச் சின்னக் கட்டடம். மேற்கே மக்கள் நிற்கும் கூடம், நடுவில் ஒரு சதுர அறை, கிழக்கே அரைவட்டமாக முடியும் பின்பகுதி. யானை படுத்திருப்பது போல் பின்புறம் வளைந்த கருவறையை நம் ஊரில் தூங்கானை மாடம் என்பார்களே, அதே வடிவம். அதற்குள் அந்தப் பெரியவர் "மேலே பார்" என்றார். பார்த்தேன். கூரை விளிம்புக்குக் கீழே, நம் கோயில்களில் கொடுங்கை வருகிற இடத்தில், கட்டடத்தைச் சுற்றி வரிசையாகத் தலைகள். கூரையைத் தாங்குகிற ஒவ்வொரு கல்லின் முனையும் ஏதோ ஒரு உருவம். இன்று 85 மிஞ்சியிருக்கின்றன. சிலுவை சுமந்த ஆட்டுக்குட்டி, பன்றி, ஃபிடில் மாதிரி எதையோ வாசிக்கிற ஒருவன், கட்டிப்பிடித்து நிற்கும் இரண்டு பேர், இன்னதென்று பேர் சொல்ல முடியாத முகங்கள். காது தொங்கும் ஒரு நாயும் நீண்ட காது முயலும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கின்றன. வேட்டை நாயையும் அது துரத்தும் முயலையும் ஒரே கல்லில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவன் கையை எனக்குக் கும்பிடத் தோன்றியது.

அங்கேயே அம்மாவுக்கு வீடியோ போட்டேன். இங்கே காலை பதினொரு மணி, அங்கே நாலரை, காபி நேரம். மேற்குச் சுவரில் கல்லிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தலைகளைக் காட்டினேன். வாயைப் பிளந்து நாக்கைச் சுருட்டி வைத்திருக்கும், டிராகன் என்கிற பறவை நாகங்கள் அவை. "இது யாளிடீ! அங்கே எப்படிடீ யாளி வந்துது?" என்றாள் அம்மா.

எப்படி வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். இந்தத் தலைகள் வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் மரச் செதுக்கலையும், அவர்கள் கப்பல் முனையில் வைத்த நாகத் தலையையும் ஒத்தவை என்கிறார்கள். நார்மன்கள் 1066இல் கடல் தாண்டி இந்த நாட்டைப் பிடித்தவர்கள், அவர்களுக்கும் முன்னோர் வடக்கிலிருந்து பிரான்ஸுக்குப் போய்க் குடியேறிய வைக்கிங்குகள்தான். இந்தச் சர்ச் கட்டியது 1140 வாக்கில். அதாவது ஆள வந்தவர்கள் இந்த மண்ணில் கால் வைத்து எழுபத்தைந்து வருஷம்கூட ஆகவில்லை. சர்ச்சுக்கு மேற்கே அவர்கள் எழுப்பிய கோட்டையின் மண்மேடும் உடைந்த சுவரும் இன்னும் இருக்கின்றன. நம் பக்கம் இரண்டாம் ராஜராஜன் தாராசுரம் கோயிலைக் கட்டியதும் அதே பன்னிரண்டாம் நூற்றாண்டில்தான், சில பத்து வருஷம் முன்னே பின்னே. ஒருவரை ஒருவர் அறியாமல் அங்கும் இங்கும் ஒரே சமயத்தில் உளிச் சத்தம் கேட்டிருக்கிறது என்று நினைத்தபோது, அந்தச் சுவரருகே எனக்கு உடம்பு சிலிர்த்தது.

தெற்கு வாசலைத் தனியாகச் சொல்ல வேண்டும். நிலைக்கு மேலே அரைவட்டக் கல்லில் ஒரு மரம், கொடியும் பழக்குலையுமாக. வாழ்வின் மரம் என்கிறார்கள். அதைச் சுற்றி வளைவில் அலகு நீண்ட பறவைத் தலைகள், வெளிவட்டத்தில் சங்கிலி கோத்தது போல வளையங்கள், வளையத்துக்குள் உயிர்கள். மகர தோரணம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அந்நியமே இல்லை. இரண்டு பக்கத்துத் தூண்களில் பாம்புகள் தலைகீழாக இறங்குகின்றன, ஒன்றின் வாலை இன்னொன்று கவ்விக்கொண்டு. இடப்பக்கத் தூணில் கொடிக்குள் சிக்கிய இரண்டு ஒல்லி வீரர்கள், தலையில் கூம்புத் தொப்பி, காலில் கால்சட்டை. வலப்பக்கத் தூணின் தலையில் வாயிலிருந்து இலைக்கொடி புறப்படும் ஒரு முகம். எண்ணூறு வருஷ மழைக்கும் பனிக்கும் பிறகு கொடியின் நரம்புகூடத் தெரிகிறது. செதுக்கியவர்களின் பெயர் தெரியாததால் ஹெரிஃபோர்ட்ஷயர் பாணிச் சிற்பிகள் என்று பொதுவாக அழைக்கிறார்கள்.

கூட வந்திருந்த மகள் கையை நீட்டி ஓர் உருவத்தைக் காட்டி, "அது யாரும்மா?" என்றாள். பெரிய கண்ணும் மொட்டைத் தலையுமாக, தன் பெண்குறியை இரண்டு கையாலும் விரித்துக் காட்டும் பெண். இந்த ஊர்களில் இத்தகைய உருவத்துக்கு ஷீலா-நா-கிக் என்று பெயர். பிள்ளைப்பேறுக்கு, காமத்தை எச்சரிக்க, தீய சக்தியை விரட்ட என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். 1842இல் இந்தச் சிற்பங்களை வரைந்து வெளியிட்ட ஜி. ஆர். லூயிஸ் அதை அப்படியே வரையாமல், நெஞ்சைப் பிளந்து காட்டும் ஒரு கோமாளியாக மாற்றிவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. தேர்ச்சிற்பங்களுக்குக் கீழேயே வளர்ந்த எங்களுக்கு இதில் மறைக்க ஒன்றும் இல்லை. "குழந்தை பிறக்கிற இடத்தைக் காட்டுகிற அம்மா" என்றேன். சரி என்று அடுத்ததுக்குப் போய்விட்டாள்.

உள்ளே இருட்டு, சன்னல்கள் சின்னவை. பீடத்துக்குப் போகிற வளைவின் இரு பக்கமும் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக மூன்று மூன்று புனிதர்கள் நிற்கிறார்கள், பெரிய தலையும் மடிப்பு மடிப்பாக விழும் அங்கியுமாக. தூணில் ஆட்களை இப்படி அடுக்குவது ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு யாத்திரை போய்வந்தவர்கள் கொண்டுவந்த வழக்கமாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. கதவு அருகே தீர்த்தத் தொட்டி ஒன்று, தன் வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருக்கும் ஆள் போல. கர்ப்பிணிகளைத் தினம் பார்க்கிற வேலை எனக்கு. அந்தக் கைகளை நான் அறிவேன்.

வைக்கிங் நாகம், வேல்ஸ் புனிதர், ஸ்பெயின் தூண், இந்த ஊர்ச் செம்மண் கல். வந்தவர்களும் இருந்தவர்களுமாகச் சேர்ந்து செய்த இதைத்தான் என்னை அழைத்துப் போனவர் "எங்கள் ஊர்ச் சர்ச்" என்று வாய் நிறையச் சொன்னார். திரும்பும்போது காரில், அடுத்த முறை நான் வழி சொல்லாமலே நீயே யாரையாவது கூட்டிவா என்றார்.

கூட்டிப் போயிருக்கிறேன், இதுவரை நாலு குடும்பங்களை, இரண்டு மலையாளிகள் உட்பட. வெயிலடிக்கிற நாளில் நடுப்பகலுக்குப் போங்கள், தெற்கு வாசலில் நேரே வெளிச்சம் விழும். உள்ளே பார்க்க டார்ச், கொடுங்கைக்கு ஒரு சின்ன பைனாகுலர். காவல் இல்லை, கட்டணம் இல்லை, உண்டியலில் போட்டுவிட்டு வரலாம். இன்றும் வழிபாடு நடக்கிற இடம் என்பதால் ஞாயிறு காலையில் பார்த்து நுழையுங்கள்.

போன மாதம் காசில் ஃப்ரோம் என்ற ஊரின் சர்ச்சுக்குப் போனோம். அதே பாணிச் சிற்பிகள் செய்த ஞானஸ்நானத் தொட்டி அங்கே இருக்கிறது, குனிந்த உருவங்கள் தாங்கி நிற்கின்றன. இயேசு நிற்கிற தண்ணீரில் மீன்களைச் செதுக்கியிருக்கிறார்கள். மகள் தரையில் உட்கார்ந்து அந்த மீன்களை மட்டும் நோட்டில் வரைந்துகொண்டாள். சண்டையிடும் இரண்டு வீரர்கள் உள்ள இன்னொரு தொட்டி எர்ட்ஸ்லியில். அதற்கு எந்த பஸ் என்று இவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.